தண்ணீரின் விலாசம்

“இன்னைக்காவது ராஜாகிட்ட கேட்டீங்களா?”

“கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வடிவு. அதுக்குள்ளே ஒரு வேடிக்கை வந்துடுச்சு. ராஜா சிரிச்சார். பட்டுத்துண்டு கொடுத்தார்.”

“அந்தத் துண்டை வச்சே வீட்டுக்குள்ள வந்த தண்ணியைத் துடைங்க.”

முந்தைய நாள் மனைவியுடன் நடந்த இந்தப் பேச்சை நினைத்தபடி சபையில் நின்றிருந்தான் விகடகவி உலகப்பன். வெகு காலத்துக்கு முன்பு, பெயர் மறந்துபோன ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகரில் அவன் வாழ்ந்தான். ஊரையே சிரிக்கவைப்பான், வீட்டில் மட்டும் அவன் பேச்சுக்கு யாரும் சிரிப்பதில்லை.

முன்பெல்லாம் மாதக்கணக்கில் தூறிவந்த மழை அந்நாட்களில் ஒரே பகலில் கொட்டித் தீர்க்கத் தொடங்கியிருந்தது. கோடையிலோ கிணறுகள் வற்றின. நகரின் பெரிய ஏரியைத் தூர்த்து அமைச்சர் மார்த்தாண்டர் மாளிகை கட்டியபிறகு, வெள்ளத்துக்கு உலகப்பனின் தெருதான் புகலிடம். ஏரியைத் திருப்பிக் கேட்க மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று வெள்ளம் அரண்மனை வாசல்வரை வந்துவிட்டது. காவலர்கள் மணல்மூட்டை அடுக்கித் தடுத்திருந்தார்கள். மன்னர் சீறினார்: “என் அனுமதியில்லாமல் நகருக்குள் நுழைந்த தண்ணீரைக் கைதுசெய்து கொண்டுவாருங்கள்! விசாரிக்க வேண்டும்.”

“இதற்கு உலகப்பனே பொருத்தமானவன், பிரபு,” என்றார் மார்த்தாண்டர். “முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்.”

“அமைச்சர் இப்போதுதான் முதல்முறையாக என்னைப் பொருத்தமானவன் என்கிறார். மறுத்தால் நன்றாயிராது,” என்ற உலகப்பன், வாசலுக்குப் போய் மூட்டைகளை இழுத்துத் தள்ளினான். வெள்ளம் சபைக்குள் பாய்ந்து அரியணைப் படியை நனைத்தது.

“குற்றவாளி ஆஜர், பிரபு. வந்ததும் வராததுமாகத் தங்கள் காலில் விழுந்துவிட்டது. என் தொழிலுக்குப் போட்டி!”

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளி யாராயினும், அவர் வீடு எதுவென்று கேட்டபிறகே தண்டனை. மன்னரும் விளையாட்டாகக் கேட்டார்: “இதன் வீடு எது?”

“பெரிய ஏரி, பிரபு. நேரே அங்கேதான் போனது. அமைச்சரின் மாளிகைச் சுவர் மறித்தது. மோதிப் பார்த்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. விருந்தாளிக்குப் படுக்கையைக் கொடுத்துவிட்டு, நானும் வடிவும் பரணில் படுக்கிறோம்.”

மார்த்தாண்டரோ பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஆசனத்தின்மேல் ஏறி நின்றிருந்தார். அதைக் கண்ட மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பரிசு கேள், உலகப்பா! எதுவானாலும் தருகிறேன்.”

ஒரு வேடிக்கை நாக்கு நுனிவரை வந்தது. உலகப்பன் அதை விழுங்கினான்.

“ஏரி வேண்டும், பிரபு. அந்த மாளிகையை அகற்றி எங்கள் ஏரியைத் திருப்பிக் கொடுங்கள்.”