நீண்ட ஊதலுக்குள் ஒரு காலடி

கோரைக் குளத்தங்கரைக்கு ஒரு நாள் ஓர் ஆண் யானை தன்னந்தனியாக வந்து சேர்ந்தான். ஆண் யானைதான், ஆனால் தந்தம் இல்லை. பிறவியிலேயே கிடையாது. அதனால் காட்டில் எல்லோரும் அவனை மொட்டையன் என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். வேறு என்ன செய்வான்?

வளர்ந்த ஆணைக் கூட்டத்தில் வைத்துக்கொள்வது யானைகளின் வழக்கமில்லை. போ என்று சொல்லிவிட்டார்கள். குளத்தங்கரையில் முதல் மாலை, துக்கம் தாங்காமல் அவன் தும்பிக்கையைத் தூக்கி ஊதினான். மற்ற யானைகள் பிளிறுவதுபோல அது இல்லை. ஏறியது, வளைந்தது, நடுவில் நின்று கொஞ்சம் யோசித்தது, பிறகு யாரும் எதிர்பாராத வழியில் இறங்கியது.

குளத்துக்குள்ளிருந்து ஒரு பெருந்தவளை அடித்தொண்டையில் பதில் கொடுத்தது. அவர் பெயர் தொந்தியார். கரையோரச் சருகுக் குவியலின் மேல் நின்ற ஒரு சருகுமான் காலால் தட்டத் தொடங்கினாள். முயலளவு உடம்பு, குச்சி குச்சியாகக் கால்கள். அவள் பெயர் பொடிச்சி. அவள் கால் சருகில் விழுந்தால் தூறல் ஆரம்பிப்பதுபோல இருக்கும்.

இப்படித்தான் அந்த மூவரின் கச்சேரி பிறந்தது. ஒத்திகை கிடையாது. மொட்டையன் எதையாவது ஊதுவான். தொந்தியார் அதைப் பிடித்துக்கொள்வார். பொடிச்சி இரண்டுக்கும் நடுவே புகுந்து ஓடுவாள். நேற்று வந்தது இன்று வராது. அடுத்து என்ன வரப்போகிறது என்று மொட்டையனுக்கே தெரியாது. அதனால்தான் கேட்க வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குளத்தங்கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சியில் கருமுகத்தார் என்ற நீள்வால் குரங்குக்குக் காவல் வேலை. சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், 'கக், கக்' என்று குரல் கொடுத்துவிடுவார். அந்தக் குரலை நம்பித்தான் மான்கள் குனிந்து தண்ணீர் குடித்தன.

முதல் மழை பெய்த மாலையில் மொட்டையன் புதிதாக ஒன்று ஊதினான். மெதுவாகத் தொடங்கி, மூன்று சின்னப் படிகளாக ஏறி, உச்சிக்குப் போனதும் மூச்சு தீரும்வரை ஒரே நீண்ட ஊதல். மலையே அதிர்ந்தது. கேட்டவர்கள் அத்தனை பேரும் தங்களை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு காட்டெருமை அழுதேவிட்டது.

கருமுகத்தார் மரத்தைவிட்டுக் கீழே குதித்து வந்தார்.

"தம்பி, இதுதான் பாட்டு. இனிமே இதைத் தவிர வேற எதையும் ஊதாதே."

பொடிச்சிக்கு அது பிடிக்கவில்லை. "நேத்து வந்தது நேத்தோட போச்சு. அதையே பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள்.

"மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வரப்போகுது. வர்றவங்க எதைக் கேட்டு வர்றாங்களோ அதைக் கொடுக்கணும்," என்றார் கருமுகத்தார்.

ஆள் வரத்தான் செய்தது. மிளா மான் வந்தது, பன்றிகள் குடும்பத்தோடு வந்தன, எந்தக் கூட்டம் போ என்று சொன்னதோ அந்த யானைக் கூட்டமும் வந்து நின்று கேட்டது. மொட்டையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தந்தம் இல்லாதவன் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது அந்த நீண்ட ஊதலைப் பற்றியே பேசியது. தினமும் அதையே ஊதினான். கருமுகத்தாரும் உச்சிக்கிளையை மறந்து முன்வரிசையில் உட்காரத் தொடங்கினார். பெரிய மனிதர் ஆகிவிட்டார் அல்லவா?

நாளாக ஆக ஒரு வழக்கம் உண்டாயிற்று. மூன்றாவது படி ஏறியதும் கூட்டம் முழுவதும் ஒன்றாகக் கண்ணை மூடும். நீண்ட ஊதல் முடிந்த பிறகுதான் திறக்கும். மொட்டையனும் மூடிக்கொள்வான்.

ஒரு மாலை, கண்ணைத் திறந்தபோது ஒரு முயலைக் காணவில்லை.

அடுத்த வாரம் ஒரு பன்றிக்குட்டி. அதற்கும் அடுத்த வாரம் ஒரு புள்ளிமான் குட்டி. தாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தது. ஒரு கத்தல் இல்லை, ஓர் ஓட்டம் இல்லை. தாய் மான் கரை முழுவதும் முகர்ந்து முகர்ந்து தேடினாள். கோரைப்புல் ஓரத்தில் ஈரமண் மட்டும் கொஞ்சம் கிளறிக் கிடந்தது.

குட்டி வழி தவறிப் போயிருக்கும் என்றார் கருமுகத்தார். இதைப் பெரிதாக்கினால் கூட்டம் கலைந்துவிடும் என்று தொந்தியாரிடம் மெதுவாகச் சொன்னார். தொந்தியார் தண்ணீருக்குள் முங்கிவிட்டார்.

பொடிச்சி மறுநாள் காலை மொட்டையனைத் தேடிப் போனாள். அவள் தரையைக் காலால் கேட்கிறவள்.

"அண்ணே, உங்க பாட்டுக்கு நாலாவதா ஒருத்தர் தாளம் போடுறாங்க."

"யாரு?"

"தெரியலை. நீங்க ஒவ்வொரு படி ஏறும்போதும் புல்லுக்குள்ள ஒரு காலடி. நீங்க இறங்கினா அதுவும் நின்னுடும். நீண்ட ஊதல்ல என்ன நடக்குதுன்னு என்னால கேக்க முடியலை. அந்தச் சத்தத்துல என் கால் சத்தமே எனக்குக் கேக்காது. பாட்டை மாத்துங்கண்ணே."

மொட்டையனுக்குக் கோபம் வந்தது. ஊரே கொண்டாடும் பாட்டைக் குறை சொல்ல இவள் யார் என்று தோன்றியது. நீ சருகைத் தட்டுகிற வேலையை மட்டும் பார் என்று சொல்லிவிட்டான். பொடிச்சி திரும்பிப் போனாள். அவள் போன பிறகு அவன் வாயில் வைத்த மூங்கில் குருத்து கசந்தது.

அன்று மாலை வழக்கத்தைவிடக் கூட்டம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொடிச்சி தன் சருகுக் குவியலில் வந்து நின்றாள். அவள் முகம் குளத்தைப் பார்த்திருந்தது, முதுகு கோரைப்புல்லைப் பார்த்திருந்தது. பயமிருந்தும் ஏன் வந்தாள் என்றால், அவள் இல்லாவிட்டால் காலடியைக் கேட்க வேறு யாருமில்லை.

மொட்டையன் ஊதத் தொடங்கினான். அன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டான்.

முதல் படி ஏறினான். கோரைப்புல் லேசாகப் பிளந்தது.

மொட்டையன் சற்றே இறங்கி ஊதினான். புல் அசையவில்லை. காற்றாக இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். இரண்டாவது படி ஏறினான். புல்லுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு முதுகு நகர்ந்தது. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

சிறுத்தை.

அதற்கு அந்தப் பாட்டு மனப்பாடம். எங்கே சத்தம் ஏறும், எங்கே தணியும், எப்போது அத்தனை கண்ணும் மூடும், எல்லாம் தெரியும். மழைக்காலம் முழுவதும் அது புல்லுக்குள் படுத்து அந்தப் பாடத்தைத்தான் படித்திருந்தது. அதன் கண் இப்போது பொடிச்சியின் முதுகின்மேல் இருந்தது. நடுவில் மூன்று பாய்ச்சல் தூரம்கூட இல்லை.

ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் மொட்டையன் குளத்தின் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். கத்தி எச்சரிக்கலாம் என்றால், சத்தமாக அவன் எதை ஊதினாலும் கூட்டத்துக்கு அது நீண்ட ஊதல்தான். கண்ணை மூடிவிடுவார்கள். சிறுத்தையும் அதற்காகத்தான் காத்திருக்கிறது. தான் பெருமைப்பட்ட அந்த ஒரே ஒரு ஊதல்தான் அந்தக் குட்டிமானின் கத்தலை விழுங்கியது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

பாட்டோ நிற்கவில்லை. கால்கள் பழகிய வழியில் போவதுபோல மூச்சு தானாக மூன்றாவது படிக்கு ஏறிவிட்டது.

கூட்டம் கண்ணை மூடியது. கருமுகத்தாரும் மூடினார். சிறுத்தை பின்னங்காலை மடக்கியது.

மொட்டையன் மூச்சை நிறுத்தினான்.

ஊதல் வரவில்லை. தும்பிக்கை வானத்தைப் பார்த்து நீட்டியபடி அப்படியே நின்றது. தொந்தியார் திகைத்து வாயை மூடினார். காடு முழுவதும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஆனால் சிறுத்தை, ஊதல் வரும் என்று நம்பி, புல்லைவிட்டுக் கிளம்பிவிட்டது. அதன் முதல் காலடி சருகுக் குவியலின் ஓரத்தில் விழுந்தது.

'சரக்.'

அந்த ஒரு சத்தம் கரை முழுவதற்கும் கேட்டது. அத்தனை கண்ணும் திறந்தன. பொடிச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலுக்குக் கேட்டது போதும், பக்கவாட்டில் ஒரே தாவு. சிறுத்தை வெறும் சருகின்மேல் விழுந்து, வழுக்கி, பாதி உடம்பு சேற்றில் போய் நின்றது. கருமுகத்தாருக்குப் பல மாதம் கழித்துத் தன் குரல் ஞாபகம் வந்தது.

"கக்! கக்! கக்!"

பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் சிறுத்தைக்கு அங்கே வேலையில்லை. காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தன. மொட்டையன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். சேறு சொட்டச் சொட்ட அது மேட்டின் மேல் ஏறி ஓடியது. பிறகு அந்தப் பக்கம் அது வரவில்லை.

பொடிச்சி தன் சருகுக் குவியலுக்கே திரும்பி வந்து நின்றாள். மொட்டையன் அவள் எதிரில் தலையைத் தரைவரை தாழ்த்தினான். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். அதற்குள் குட்டியை இழந்த புள்ளிமான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

"இன்னிக்கு நிறுத்த முடிஞ்சுதே," என்றாள். "அன்னிக்கும் முடிஞ்சிருக்குமில்லை?"



மறுநாள் மாலை கருமுகத்தார் நாவல் மரத்தின் உச்சிக்குத் திரும்பினார். கச்சேரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்றாவது படிக்கு மேல் இனிமேல் மௌனமாகவே இருந்துவிடுவோம், குட்டிமானுக்கு அது மரியாதை என்றான் மொட்டையன். பொடிச்சி சம்மதிக்கவில்லை.

"மௌனம் வேணும் அண்ணே. ஆனா தினமும் ஒரே இடத்துல வேண்டாம்."

அப்புறம் அந்தப் பாட்டை அவன் ஊதவே இல்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் கெஞ்சிக் கேட்டார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் பாதியாகக் குறைந்தது. இருந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார்கள். மௌனம் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போதெல்லாம் புள்ளிமான் கோரைப்புல் பக்கம் காதைத் திருப்புவாள். மொட்டையனும் ஊதாமல் அவளோடு சேர்ந்து கேட்பான்.

பாராட்டு வாங்கித் தந்ததையே கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்கிறவனை, அவனுடைய ரசிகனைவிட அவனுடைய பகைவன்தான் நன்றாகப் படித்து வைத்திருப்பான்.