பூதப்பன் தேடிய குற்றம்

மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு காட்டில், பூதப்பன் என்ற கரடி வண்டிப் பட்டறை வைத்திருந்தது. எல்லாம் காலால் மிதித்து ஓட்டும் வண்டிகள்; கனத்த வேங்கை மரத்தில் செய்தவை. மிதித்தால் "கிறீச், கிறீச்" என்று மூன்று மலைக்கும் கேட்கும்.

"சத்தம் கொஞ்சம் அதிகமோ?" என்று யாராவது கேட்டால் பூதப்பனுக்குக் கோபம் வந்துவிடும்.

"கரடி வண்டி வருகிறது என்று காட்டுக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லி வாயை அடைத்துவிடும்.

மலைக்கு அப்பால் மூங்கில் காடு. அங்கே இருந்த அணில்களும் ஒரு வருடம் வண்டி செய்து, கணவாய் வழியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நாலடி ஓடியதும் சக்கரம் கழன்று ஓடைக்குள் போய் விழுந்தது. பூதப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அணில்களின் தலைவி செல்லாயி மட்டும், சிரித்தவர்களிடமெல்லாம் போய், "எதைப் பார்த்துச் சிரித்தீர்கள்? சொன்னால் திருத்திக்கொள்வோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மறு வருடமும் அணில்கள் வந்தன. அதற்கு மறு வருடமும் வந்தன. பூதப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையில் விழுந்த வண்டிதானே என்று இருந்துவிட்டது.

ஐந்தாம் வருடம் பட்டறையில் எட்டு வண்டிகள் விற்காமல் நின்றன. சக்கரங்களில் சிலந்தி குடியேறிவிட்டது. வாசல் வழியே முள்ளம்பன்றி மூங்கில் வண்டியில் சத்தமில்லாமல் போனது. முட்கள் வெளியே வர, இருக்கையின் முதுகில் துளை போட்டுக் கொடுத்திருந்தன அணில்கள். பின்னாலேயே வந்த ஆமையின் வண்டிக்குத் தாழ்வான படி இருந்தது. பூதப்பன் விற்காத வண்டிகளைத் திரும்பிப் பார்த்தது. இப்படியே போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அது சிங்கராஜாவிடம் ஓடியது.

"ராஜா, கணவாயில் ஒரு பாறையை உருட்டிவிட்டு வழியை அடையுங்கள். அணில் வண்டி வெறும் குப்பை."

"அதில் என்ன குற்றம் என்று பத்தாம் நாள் சபையில் சொல். சொன்னால் அடைக்கிறேன்" என்றது சிங்கம்.

பூதப்பன் அன்றே ஓர் அணில் வண்டியை வாங்கிவந்தது. முதல் நாள் ஆற்றங்கரை வரை ஓட்டிப் பார்த்தது. குற்றம் அகப்படவில்லை. மறுநாள் மேட்டில் ஏற்றியது. மூச்சே வாங்கவில்லை. அருவிப் பக்கம் பள்ளத்தில் இறக்கியது. காற்று காதில் கிச்சுகிச்சு மூட்ட, தன்னை மறந்து பாடியேவிட்டது.

பக்கத்து வளையிலிருந்த கீரி கேட்டது: "என்ன மாமா, குற்றம் கிடைத்ததா?"

"இன்னும் இல்லை, மாப்பிள்ளை. நாளைக்கு அருவிப் பக்கம் போய்த் தேட வேண்டும்."

"இன்றைக்கும் அங்கேதானே போனீர்கள்?"

"இன்றைக்கு அவசரத்தில் தேடிவிட்டேன்."

அடுத்தடுத்த நாட்களிலும் தேடல் நிற்கவில்லை. ஒரு நாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நாவல் தோப்பில் தேடியது. "குற்றம் கிடைக்காமலே இருந்தால் தேவலை" என்றது மனைவி, வாய் நிறைய நாவல்பழத்துடன்.

பத்தாம் நாள் பூதப்பன் அயர்ந்து தூங்கிவிட்டது. சபைக்கு நேரமாகிவிட்டதே என்று பதறி எழுந்து, வாசலில் நின்ற வண்டியில் தாவி ஏறி, ஒரே மிதியாக மிதித்து வந்து, சபை நடுவில் இறங்கியது.

"ராஜா, அணில் வண்டி எதற்கும் உதவாது" என்றது.

சபையில் எல்லாக் கண்களும் வண்டிப் பக்கம் திரும்பின. முயல் வாயைப் பொத்திக்கொண்டது.

"பூதப்பா, நீ எதில் வந்தாய்?" என்று கேட்டது சிங்கம்.

பூதப்பன் திரும்பிப் பார்த்தது. மூங்கில் வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது.

"உன் பட்டறையில்தான் எட்டு வண்டி நிற்கிறதே?"

"அதில் வந்தால் நேரத்துக்கு வந்து சேர முடியாதே, ராஜா" என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டது பூதப்பன்.

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. பூதப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அதற்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அணில்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனது.

"என் வண்டியில் என்னென்ன குறை, தங்கச்சி? ஒன்றுவிடாமல் சொல்."

"கொஞ்சம் உட்காருங்கள், அண்ணா. சொல்லி முடிக்க நேரமாகும்" என்றது செல்லாயி.

பூதப்பன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது.

"அப்படியானால் கணவாயை அடைக்க வேண்டாமா?" என்று சிங்கம் கேட்டது.

"வேண்டவே வேண்டாம், ராஜா. அடுத்த வருடம் மூங்கில் காட்டில் என் வண்டியை விற்க நான் அந்த வழியாகத்தானே போக வேண்டும்."

நீதி: போட்டிக்கு வருபவரின் வழியை அடைக்காதே, உன் வேலையைத் திருத்திக்கொள்.