கிட்டார் கழுத்தில் ஒரு பெயர்

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பது. காட்பாடியில் இப்படியும் நடக்கும்.

சீடர் தணிகாசலம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் கை பட்ட காரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பெனிட்டா மிஸ்ஸின் ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர், அவர் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுவிட்டு அங்கேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார்.

கை சும்மா இருக்குமா? சொந்தமாக வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்துக்கு மயில் நீலத்தில் பெயின்ட் அடித்தார். கழுத்தின் பின்பக்கம் மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கினார். அது அழியாதிருக்க மேலே வார்னிஷ் பூசினார். அதோடு விட்டாரா என்றால், இல்லை. ஆயுதபூஜை வந்தால் போதும், சந்தனம், குங்குமம், இன்னொரு பூச்சு வார்னிஷ். பக்தி என்றால் அப்படியொரு பக்தி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவில் கச்சேரி. தணிகாசலம் வாழ்க்கையில் முதல்முறையாக மேடையேறப் போகிறார். ஒத்திகையில் வேகமான இடம் வந்ததும் அவருடைய கட்டைவிரல் கழுத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்துவிட்டது.

"இன்னொரு தடவ இப்படி நின்னா அந்த பிட்டை கீபோர்டுக்குக் குடுத்துடுவேன்" என்று குழுவை நடத்துகிற லோகிதாசன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

தணிகாசலத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மிஸ் முன்னால் போய் நின்றார்.

"மிஸ், கை ஓட மாட்டேங்குது. பவுடர் போட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன்."

"ரெண்டையும் சேர்த்தாண்ணா?"

"ஆமா மிஸ்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டாரை வாங்கினார். கழுத்தின் பின்பக்கத்தில் கையை ஓட்டிப் பார்த்தார். அந்தப் பளபளப்பில் கை பச்சக்கென்று ஒட்டியது. நீலத்துக்கு நடுவே கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"யாருண்ணா இது, சரியா விரல் போற இடத்துல கிறுக்கி வெச்சிருக்கிறது?"

"நீங்கதான் மிஸ்."

மிஸ் தன் கையெழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பளபளப்புதான் கையைப் புடிக்குது. உப்புத்தாள் வெச்சுப் பின்பக்கத்தைத் தேய்ச்சுட்டு வாங்க."

"தேய்ச்சுட்டு மேல என்ன அடிக்கணும் மிஸ்?"

"ஒண்ணும் அடிக்க வேணாம்."

"மிஸ், நான் அடுத்த கோட்டு அடிக்கத்தான் தேய்ப்பேன். தேய்ச்சுட்டு அப்படியே விட்டதா சரித்திரமே இல்ல."

"விடுங்க."

மனசே இல்லாமல் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். தொழில்காரர் வேலை தொழில்காரர் வேலைதான். கழுத்து முழுக்க ஒரே சீராகத் தேய்த்து, பளபளப்பை எடுத்து, துணியால் துடைத்திருந்தார். ஆனால் மிஸ்ஸின் கையெழுத்தைச் சுற்றி மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் காப்பாற்றியிருந்தார். அது நம்பர் பிளேட் மாதிரி தனியாகப் பளபளத்தது.

"வாசிங்க" என்றார் மிஸ்.

வாசித்தார். கை வழுக்கிக்கொண்டு ஓடியது. தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. கையெழுத்து வந்தது. விரல் நின்றது. பாட்டு முகங்குப்புற விழுந்தது.

"அது என்னண்ணா, ஸ்பீடு பிரேக்கர் மாதிரி?"

"உங்க பேரு மிஸ்."

"அதைத் தேய்க்கலையா?"

"கீபோர்டுக்குப் போனாலும் போகட்டும் மிஸ். குரு பேரை என் கையால அழிக்க மாட்டேன்."

"சரி" என்று மிஸ் உப்புத்தாளைக் கையில் எடுத்தார். கிட்டாரை மடியில் கவிழ்த்துப் போட்டுத் தன் பேரைத் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் பதறிப்போனார். "ஐயோ மிஸ்! ஒரு எழுத்தாவது விடுங்க!"

"எந்த எழுத்து?"

தணிகாசலம் யோசித்தார். முதல் எழுத்தைக் கேட்கலாமா, கடைசி எழுத்தைக் கேட்கலாமா என்று அவர் முடிவுக்கு வருவதற்குள் எல்லாமே போய்விட்டது. மிஸ் தூசியை ஊதிவிட்டுக் கிட்டாரை நீட்டினார்.

வாசித்தார். கை ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, வேகமான இடத்தையும் தாண்டிக் கடைசிவரை போய் நின்றது. வாசித்தது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். கண் கலங்கிவிட்டது.

"மிஸ், யாருகிட்ட கத்துக்கிட்டன்னு மேடையில யாராச்சும் கேட்டா இனிமே நான் எதைக் காட்டுவேன்?"

"கண்ணை மூடுங்க. என் பேரு எங்க இருந்துச்சுன்னு கட்டைவிரலால காட்டுங்க."

தணிகாசலம் கண்ணை மூடினார். விரல் மேலே போனது. கீழே வந்தது. மறுபடியும் மேலே போனது.

"தெரியலையே மிஸ்."

"அப்ப விரல் இனிமே எங்கயும் நிக்காது. ஞாயித்துக்கிழமை தைரியமா போய் வாசிங்க."