அழுகைக்கு ஓர் ஓட்டை

ஒரு காட்டில் அழுகைக்கு மதிப்பெண் போட்டார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்!

அந்த ஆண்டு பெருமழையில் ஆறு கரை புரண்டு ஓடியது. பல குட்டிகள் தாய் தகப்பனை இழந்து நின்றன. காட்டுச் சபை கூடி, அவற்றை வளர்க்க இரண்டு காப்பகங்களை அமைத்தது. ஓடைக்கு இந்தக் கரையில் இருந்த காப்பகத்தை மயில் நடத்தியது. அந்தக் கரையில் இருந்ததைக் கரடி நடத்தியது.

"காப்பகம் அமைத்துவிட்டால் போதுமா? குட்டிகள் நன்றாக இருக்கின்றனவா என்று யார் போய்ப் பார்ப்பது?" என்று சபைத் தலைவரான யானை கேட்டது.

"நான் பார்க்கிறேன், தலைவரே!" என்று மரங்கொத்தி முன்னால் வந்தது. மரங்கொத்தி மகா கறார். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாது. "இது மிகவும் எளிது. நன்றாக இருக்கும் குட்டி அழாது. நன்றாக இல்லாத குட்டி அழும். மாதம் ஒருநாள் காப்பகத்துக்கு எதிரே உள்ள மரத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஓர் அழுகைக்கு மரத்தில் ஓர் ஓட்டை. எங்கே ஓட்டை குறைவோ அதுதான் நல்ல காப்பகம்."

சபையில் எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு அவ்வளவு சரியாக இருந்தது! நல்ல காப்பகத்துக்கு வாகைப்பூ மாலை சூட்டுவது என்றும் முடிவு செய்தார்கள்.

முதல் மாதம் கரடியின் மரத்தில் முப்பது ஓட்டை. மயிலின் மரத்தில் முப்பத்தொன்று. ஒரே ஓர் ஓட்டையில் மாலை கரடிக்குப் போய்விட்டது! கரடி அதைத் தன் குட்டிகளிடம் கொடுத்தது. அவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிய்த்து விளையாடின.

மயிலுக்கு அன்று முழுவதும் இரை இறங்கவில்லை.

அந்த முப்பத்தொன்றாவது ஓட்டை யாரால் விழுந்தது தெரியுமா? ஒரு நரிக்குட்டியால். அது ஊளையிட்டால் மூன்று குன்றுக்குக் கேட்கும். அதனால் அதற்குக் கணீர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்று அதன் காலில் முள் குத்திவிட்டது, பாவம்.

மயில் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வேளை தவறாமல் இரை கொடுக்கும். படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால், பெருமை என்றால் அதற்கு உயிர். நாலு பேர் தன்னைப் புகழ வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதற்குக் கண் தெரியாது.

மறுநாள் காலையில் மயில் குட்டிகளை வரிசையாக நிறுத்தியது. ஆளுக்கொரு தேக்கங்கொழுந்தைக் கொடுத்தது.

"பிள்ளைகளே, இனிமேல் யாரும் அழக் கூடாது. அழுகை வந்தால் இந்த இலையைக் கடித்துக்கொள்ளுங்கள்."

"முள் குத்தினால், பெரியம்மா?" என்று முயல்குட்டி கேட்டது.

"இலையைக் கடி."

"பசித்தால்?" என்று மான்குட்டி கேட்டது.

"இலையைக் கடி."

"அம்மா ஞாபகம் வந்தால்?" என்று கணீர் கேட்டது.

மயில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு, "அதற்கும் இலைதான்" என்றது.

அடுத்த மாதம் மரங்கொத்தி விடிந்ததிலிருந்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அலகு துருப்பிடித்துவிடும் போல இருந்தது! மாலையில் அது கீழே இறங்கி வந்து குட்டிகளைப் பார்த்தது.

தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் கை சிவக்கும் அல்லவா? கடித்தால் வாய் சிவக்கும். எல்லாக் குட்டிகளுக்கும் வாய் செக்கச்செவேல் என்று இருந்தது.

"அடடே! வாய் சிவக்கச் சிவக்கத் தின்னக் கள்ளிப்பழம் நிறையக் கிடைக்கிறது போல!" என்றது மரங்கொத்தி.

"என் பிள்ளைகளுக்கு நான் எதில் குறை வைத்தேன், ஐயா?" என்றது மயில். பார்த்தீர்களா, பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை!

மாலை மயிலின் கழுத்தில் விழுந்தது. அதற்கடுத்த மாதமும் விழுந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

"உன் காப்பகம் ஒரே கூச்சல். மயிலம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று மரங்கொத்தி கரடியைக் கண்டித்தது.

"கற்றுக்கொள்ளலாம், ஐயா. கொஞ்சம் பொறுங்கள், ஏதோ ஒன்று அழுகிறது" என்று சொல்லிவிட்டுக் கரடி ஓடிவிட்டது.

ஐந்தாவது மாதம் மரங்கொத்தி மயிலின் காப்பகத்தைப் பார்க்க வந்த அன்று மலை மேல் மழை கொட்டியது. பிற்பகலில் இங்கேயும் மேகம் திரண்டது. மயில் குட்டிகளை உள்ளே அழைத்து எண்ணிப் பார்த்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தன.

"கணீர் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. மயில் வெளியே பாய்ந்தது. "கணீர்! எங்கே இருக்கிறாய்? குரல் கொடு!" என்று கத்திக்கொண்டே புதர் புதராக ஓடியது.

கணீர் வெகு தூரத்தில் இல்லை. தும்பியைத் துரத்திக்கொண்டு ஓடியபோது, எந்தக் காலத்திலோ மனிதர்கள் யானை பிடிக்க வெட்டிய குழியில் விழுந்துவிட்டது. குழியின் வாயைக் கொடிகள் மூடியிருந்தன. மலையிலிருந்து வந்த தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் குட்டியின் வயிறுவரை ஏறிவிட்டது.

மயில் கூப்பிடுவது அதற்கு நன்றாகவே கேட்டது. ஆனால், அது இலையைக் கடித்துக்கொண்டு நின்றது. 'மரத்தில் மரங்கொத்தி உட்கார்ந்திருக்கிறதே! நான் ஊளையிட்டால் ஓட்டை விழும். பெரியம்மாவின் மாலை போய்விடும்.'

மரங்கொத்தியும் தேட இறங்கி வந்தது. "நரிக்குட்டிதானே? ஆபத்து என்றால் ஊளையிடாமலா இருக்கும்?" என்றது.

"அது ஊளையிடாது, ஐயா. அதனிடம் இலை இருக்கிறது" என்றது மான்குட்டி. தன் வாயிலிருந்த இலையை எடுத்துக் காட்டியது.

மரங்கொத்தி இலையைப் பார்த்தது. சிவந்த வாயைப் பார்த்தது. "அப்படியானால் நீங்கள் கள்ளிப்பழம் சாப்பிடவில்லையா?"

"கள்ளிப்பழம் எப்படி இருக்கும், ஐயா?" என்று மான்குட்டி கேட்டது.

மரங்கொத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நரிக்குட்டியே! ஊளையிடு! நான் எண்ண மாட்டேன்!" என்று கூவியது.

குழிக்குள் கணீர் நடுங்கியது. 'ஐயோ, மரங்கொத்தி பக்கத்திலேயே வந்துவிட்டது! அது எண்ணாமலா இருக்கும்?' அது இலையை இன்னும் இறுக்கிக் கடித்தது.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"அழு கண்ணே, அழு! எவ்வளவு வேண்டுமானாலும் அழு!" என்று மயில் கெஞ்சியது. மரங்கொத்தியின் முன்னால் பெரியம்மா அப்படித்தான் சொல்வார் என்று நினைத்த கணீர் வாயைத் திறக்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் குட்டி எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறது என்று மயிலுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கு நெஞ்சே வெடித்துவிட்டது. சேற்றில் விழுந்து, கழுத்தை நீட்டி, காடே அதிரும்படி அகவி அழுதது. ஓட்டை விழுமே என்று தன் குரலையும் அது இத்தனை மாதம் அடக்கித்தான் வைத்திருந்தது.

கணீர் காதை நிமிர்த்தியது. 'பெரியம்மாவே அழுகிறாரே! அப்படியென்றால் அழலாம் போலிருக்கிறது!'

இலையைத் துப்பியது. நாலு மாத அழுகையையும் சேர்த்து ஒரே ஊளையாக விட்டது. மூன்று குன்றுக்கு என்ன, ஏழு குன்றுக்குக் கேட்டிருக்கும்!

மயில் தட்டுத்தடுமாறிக் குழியோரம் வந்து சேர்வதற்குள், ஓடையில் ஏதோ பெரிய உருவம் குதித்து நீந்தி வந்தது. கரடி! கொடிகளை விலக்கிக் குழிக்குள் இறங்கி, குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது.

மயில் கணீரைச் சிறகுக்குள் இழுத்துப் பொத்திக்கொண்டது.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய்?" என்று மரங்கொத்தி கேட்டது.

"அழுகை கேட்டது. வந்தேன்."

"இது உன் காப்பகத்துக் குட்டி இல்லையே?"

"அதை வந்து பார்த்த பிறகுதானே, ஐயா, தெரிந்துகொள்ள முடியும்?" என்றபடி கரடி உடம்பை உதறியது.

"முதல் மாதம் உன் மரத்தில் முப்பது ஓட்டை போட்டேனே, அந்த முப்பது அழுகைக்கும் நீ ஓடினாயா?"

"பின்னே? நீங்கள் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். யாராவது ஓட வேண்டாமா?"



மறுநாள் சபை கூடியது. "தவறு என்னுடையது" என்று மயில் அழுதது.

"அதற்கு வழி காட்டியது நான்" என்றது மரங்கொத்தி. "எத்தனை அழுகை என்று எண்ணினேனே தவிர, யார் வந்தார்கள் என்று பார்க்கவில்லை. குட்டிகளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இனிமேல் கேட்கிறேன், தலைவரே."

மாலை போடும் வழக்கத்தை யானை நிறுத்திவிட்டது. மயில் பத்து நாள் ஓடையைத் தாண்டிப் போய், கரடியோடு கூடவே ஓடி ஓடிப் பழகியது. கால் வீங்கிப்போனதுதான். ஆனாலும் விடவில்லை.

அடுத்த முறை மரங்கொத்தி வந்தபோது மயிலின் காப்பகம் சந்தைக்கடை போல இரைந்தது. மரங்கொத்தி மரத்துக்குப் போகவில்லை. நேராகக் கணீரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"இங்கே எப்படி இருக்கிறது, குட்டி?"

கணீர் கொஞ்சம் யோசித்தது. "நேற்று அழுதேன்" என்றது.

"ஏன்?"

"சும்மாதான்."

"யாராவது வந்தார்களா?"

"பெரியம்மா ஓடி வந்தார். சும்மாதான் அழுகிறேன் என்று சொன்னேன். சரி என்று சொல்லி, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்."

நீதி: குழந்தை அழவில்லை என்பதால் அது நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்; அழுதால் யார் ஓடி வருகிறார்கள் என்று பாருங்கள்.