முயல் பக்கம் திருகியவர்

"இந்த ஷாக் அப்சார்பரைக் கழட்டி வீசு! இருக்கறதுலயே பெருசா ஒண்ணு மாட்டு!"

தண்டபாணி தன் பேட்டரி சைக்கிளைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். நிறுத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரில் மோதினார்.

கோத்தகிரிச் சரிவுகளில் சைக்கிளில் பாய்ந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் மெக்கானிக் பெனிட்டாதான். தண்டபாணியைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் அவள் சொல்லிவிட்டால் அங்கே மறுபேச்சு கிடையாது.

அவள் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூணு தடவை தூக்கி எறிஞ்சிருக்கு. முன் ஃபோர்க்கை மாத்தியாச்சு. டயரை மாத்தியாச்சு. இன்னும் என்னத்தை மாத்தறது, என் தலையையா?"

அவள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, காது கேக்குதா இல்லையா?"

"கேக்குதுங்கண்ணா. உள்ள இறங்கிட்டிருக்கு."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் கத்தினால் எதிராளியும் கத்த வேண்டாமா? அப்புறம் சண்டைக்கு என்ன மரியாதை?

பெனிட்டா சக்கரத்தை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"கடைசியா எப்ப விழுந்தீங்க?"

"பத்தொன்பது நாளாச்சு. பாறைப்படியில இறங்கறேன். பின்பக்கம் எகிறி என்னைத் தலைகுப்புற வீசிருச்சு. பின்னாடி வந்த ஆதிரை என் மேலயே ஏறி விழுந்தா."

ஆதிரை அவர் மகள். பதினேழு வயது. இப்போது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கோயமுத்தூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

"விழுந்ததும் பாப்பா என்ன சொன்னா?"

"ஏம்ப்பா இவ்வளவு வேகமா போனீங்கன்னா."

"நீங்க?"

"அவ வாய் மூடறதுக்குள்ள குடுத்தேன். ஒட்டி வந்தது உன் தப்பு, உனக்கெல்லாம் சைக்கிள் ஒரு கேடான்னு."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? தினமும் போன் பண்றா. ரெண்டு வார்த்தை பேசறா. நான் இருபது பேசறேன். வெச்சிடறா. இன்னிக்குப் பண்றதுதான் கடைசியாம். இன்னிக்கும் கத்தினா இனி அப்பனே வேண்டாமாம். வேண்டாம்னா போகட்டும்! யாருக்கென்ன?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சைக்கிளைத்தான் ஒரு உதை விட்டார்.

பெனிட்டா குனிந்து பின் ஷாக்கைப் பார்த்தாள். அதில் ஒரு சிவப்புத் திருகு. ஒரு பக்கம் முயல் படம், மறுபக்கம் ஆமை.

"இதை மொசல் பக்கம் கடைசி வரைக்கும் திருகி வெச்சது யாரு?"

"நான்தான். சைக்கிள் வேகமா போக வேண்டாமா? ஆமை மேல வெச்சுட்டு உருட்டிட்டுப் போகவா?"

"சைக்கிள் போற வேகம் இல்லீங்கண்ணா இது. சீட்டை அமுக்கி விடுங்க."

இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, நெஞ்சு படிய அமுக்கினார். விட்டார்.

சீட் எகிறி அவர் மோவாயில் இடித்தது. பின் சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் துள்ளியது.

"ஐயோ! பாத்தியா? எமன்! இதைத்தான் சொல்றேன்!"

பெனிட்டா திருகை ஆமைப் பக்கம் திருப்பினாள். ஏழெட்டு முறை கிளிக் என்றது.

"இப்ப அமுக்குங்க."

மோவாயைத் தடவிக்கொண்டே, பயந்து பயந்து அமுக்கினார். விட்டார்.

சீட் நிதானமாக மேலே வந்தது. பழைய உயரத்துக்கு வந்ததும் நின்றுகொண்டது.

அவர் மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

"அப்ப புது ஷாக்?"

"எதுக்கு? அடி வாங்கறதுல இது கெட்டி. திருப்பிக் குடுக்கற வேகந்தான் தப்பு."

தண்டபாணி வாயைத் திறந்தார். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

ஆதிரை.

எடுத்தார். பட்டறை முழுக்கக் கேட்டது அவள் குரல்.

"என் கை உடைஞ்சது உங்களாலப்பா. உங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் என்னையே திட்டறீங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை சீட்டின் மேல் இருந்தது. அமுக்கினார். அது மேலே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா? இருக்கீங்களா? ஏன் ஒண்ணும் பேசல?"

"இருக்கேன் கண்ணு. உள்ள இறங்கிட்டிருக்கு."