பவுனு வண்டிக்கு அளவெடுத்த கதை

"எல்லா அளவும் சரியா இருக்கு வாத்தியாரம்மா. வண்டி மட்டும் நேரா போக மாட்டேங்குது."

கோட்டைச்சாமி இதைச் சொன்னபோது மைமூன் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"யாரு அளந்தது?" காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

"எதை அளந்தீங்க?"

"எதையா? வண்டியைத்தான்."

"நீங்க அளந்த வண்டி மலைக்கே போகாது அண்ணே."

அப்புறம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. வெளியே வந்தார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அண்ணன்தான் சிஷ்யர், தங்கச்சிதான் குரு. கோட்டைச்சாமிக்கு ஐம்பத்தொரு வயசு. வத்தலக்குண்டில் முப்பது வருஷமாக லாரி மெக்கானிக். மைமூனுக்கு முப்பத்து மூன்று. ஐடிஐயில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு பைபாஸில் சொந்தமாக, சக்கரங்களை நேர்ப்படுத்தும் வீல் அலைன்மென்ட் பட்டறை போட்டார்.

புதுக் கார்கள் வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பி அனுப்பி அனுப்பி அலுத்துப்போன கோட்டைச்சாமி, ஒரு நாள் நேராக வந்து, "எனக்குக் கத்துக்குடுங்க" என்று நின்றார். மைமூன் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஊர் சிரித்தது. சிரிக்கிறவன் வண்டியும் ஒரு நாள் நடுரோட்டில் நிற்கத்தானே போகிறது என்று கோட்டைச்சாமி கண்டுகொள்ளவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அளவு தப்பு என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

வண்டி பவுனுவுடையது.

மூக்கு நீண்ட பழைய பிக்கப். அதற்கே அறுபது வயசு இருக்கும். பவுனுவுக்கு நாற்பத்தேழு. இருபது வருஷமாக அந்த வண்டியில் அரிசியும் வெங்காயமும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு தாண்டிக்குடி மலைக்குப் போவாள். வழியில் கடை கடையாக இறக்குவாள். வரும்போது வாழைத்தாரும் சௌசௌவும் ஏற்றிக்கொண்டு இறங்குவாள்.

அந்த ஸ்டீரிங் இருக்கிறதே, அதைக் கொண்டை ஊசி வளைவில் திருப்ப உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்க வேண்டும். போன வருஷம் பவுனுவின் வலது தோள் போதும் என்று சொல்லிவிட்டது. இனி அந்த ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"கவலைப்படாத. கார் மாதிரி ஆக்கித் தரேன்" என்றார் கோட்டைச்சாமி.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. மூன்று மாசம் உழைத்தார். முன்பக்கம் இருந்த இரும்பு ஆக்ஸிலையும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்குகளையும் கேஸ் வைத்து வெட்டி எடுத்தார். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு புதுக் காரின் முன்பகுதியைக் கொண்டுவந்து சுருள் ஸ்பிரிங்கோடும் பவர் ஸ்டீரிங்கோடும் பொருத்தினார். ஆர்டிஓ ஆபீஸுக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கினார்.

பவுனு மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். ஒற்றை விரலில் திருப்பினாள். சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாள். முதல் வளைவிலேயே வண்டி இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் பள்ளம்.

அப்படியே ரிவர்ஸில் அடிவாரம் வரை இறங்கி வந்தாள். வழியனுப்ப வந்து நின்றிருந்த கோட்டைச்சாமியின் கையில் சாவியை வைத்தாள்.

"தோளு போனா போகட்டும்ணே. உசுரும் போகணுமா?"

சீட்டில் கிடந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ரிசார்ட்காரங்க வர்றாங்க. வந்து எடுத்துக்கட்டும்."

கொடைக்கானலில் ஒரு ரிசார்ட். பழைய வண்டியாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். புல்தரையில் நிறுத்தி, பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் மண்ணைக் கொட்டி ரோஜாச் செடி வைப்பார்களாம். பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்களாம்.

பவுனு மலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று திங்கட்கிழமை. பழையபடி ஆக்கிக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெட்டியது வெட்டியதுதான்.

அந்தக் கலக்கத்தோடுதான் அவர் மைமூனிடம் வந்தார். மைமூன் சொன்னதைத்தான் நீங்கள் கேட்டீர்களே.

*

செவ்வாய்க்கிழமை விடியக்காலையிலேயே நூல் கட்டி மறுபடி அளந்தார். மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை பிசகு இல்லை. வண்டியை மைமூனின் பட்டறைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க."

மைமூன் போட்டுப் பார்த்தார். திரையில் எல்லா எண்ணும் பச்சையில் வந்தன. பேப்பரை எடுத்து நீட்டினார்.

"சரியா இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"அப்புறம் ஏன் இழுக்குது?"

"எங்கிட்ட இழுக்கலையே."

கோட்டைச்சாமி பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெல்ல ஒரு தைரியம் வந்தது. தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்தால் மனுஷனுக்கு வருகிற தைரியம் அது.

"அப்பக் கோளாறு பவுனு கையிலதான். இருபது வருஷமா கனத்த ஸ்டீரிங்கை இழுத்த கை. லேசா இருக்கிறதையும் அதே மாதிரி இழுக்கிறா."

மைமூன் சுவரைக் காட்டினார்.

"இங்க வாங்க அண்ணே. இந்தச் சுவத்துல சாஞ்சு நில்லுங்க."

நின்றார். மைமூன் ஒரு சாக்பீஸை எடுத்து அவருடைய இரண்டு தோளுக்கு நேராகவும் சுவரில் கோடு போட்டார். இரண்டு கோடும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"சரியா?"

"சரி."

மூலையில் கிடந்த ஒரு லாரி பேட்டரியைக் காட்டினார். "அதை இடது கையில தூக்கிட்டு வந்து நில்லுங்க."

தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மைமூன் மறுபடி கோடு போட்டார். இடது கோடு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"இதுல எது உங்க தோளு?"

"மேல இருக்கிறதுதான். இது பேட்டரி தூக்கினதால வந்தது."

"சரி, கீழ வைக்காதீங்க."

சொல்லிவிட்டு மைமூன் போய் டீ குடித்தார். நிதானமாகக் குடித்தார். கோட்டைச்சாமி சுவரோடு நின்றார். கை வலித்தது. தோள் வலித்தது. முதலில் கோபம் வந்தது. என்ன விளையாட்டு இது, வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று நினைத்தார். அப்புறம் வலி கூடக்கூடக் கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மைமூன் வந்தார்.

"காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அதை எறக்கவே மாட்டீங்கன்னு வைங்க. இப்ப எது உங்க தோளு?"

கோட்டைச்சாமி சுவரைத் திரும்பிப் பார்த்தார். மேல் கோட்டைப் பார்த்தார். கீழ்க் கோட்டைப் பார்த்தார்.

பேட்டரியைத் தரையில் வைத்தார். பையிலிருந்து போனை எடுத்தார்.

"பவுனு, நாளைக்குக் கீழ வா. மலைக்குப் போற மாதிரியே வா."

அவர் அளந்ததெல்லாம் வெறும் வண்டியை. முப்பது வருஷமாக அப்படித்தான் அளந்தார், ஒரு தப்பும் வந்ததில்லை. லாரியில் இரண்டு முன்சக்கரமும் ஒரே இரும்பில் நிற்கும். மூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் அவற்றின் நிலை மாறாது. காரின் சக்கரம் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. மேலே கனம் ஏறினால் அது நிற்கிற நிலையே மாறிவிடும். முப்பது வருஷத்தில் எந்த லாரியும் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

பவுனுவின் பிக்கப் ஒரு நாளும் வெறுமையாக மலை ஏறியதில்லை.

*

புதன்கிழமை பவுனு வரும் முன்பே மைமூனின் பட்டறை வாசலில் கோட்டைச்சாமி சரக்கை ஏற்றி முடித்திருந்தார். அரிசி மூட்டை இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. வெங்காயம் நடுவில். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பவுனு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தாள்.

"யாருண்ணே இப்படி ஏத்தினது?"

"நான்தான். ரெண்டு பக்கமும் சமமா இருக்கு பாரு."

"நான் இப்படி ஏத்த மாட்டனே."

"ஏன்?"

"கடையெல்லாம் இடது பக்கம். அரிசி அந்தப் பக்கமா இருந்தாத்தானே கடைக்காரன் கைக்கு எட்டும்? வலது பக்கம் வெச்சா ஒவ்வொரு கடையிலயும் நான் ஏறி இழுத்து விடணும். எந்தத் தோளை வெச்சு இழுக்க?"

"இனிமே சமமா ஏத்திப் பழகு பவுனு. வண்டிக்கு அதுதான் நல்லது."

மைமூன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, அக்கா சொல்ற மாதிரி ஏத்துங்க."

"அது கோணலா இருக்குமே."

"ஆமா."

எட்டு மூட்டையையும் இறக்கி, ஆறு இடது பக்கமும் இரண்டு வலது பக்கமுமாகத் திருப்பி ஏற்றினார்கள். கோட்டைச்சாமி முனகிக்கொண்டே ஏற்றினார். வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவருக்குக் கண் கூசியது.

"நீங்க ஏறி உக்காருங்க அக்கா."

"சும்மா உக்காந்தாப் போதுமா ஆத்தா?"

"மலையில எப்படி உக்காருவீங்களோ அப்படி."

பவுனு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பையைப் பக்கத்தில் வைத்தாள். முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, வலியில்லாத பக்கமாக ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

மைமூன் மிஷினைப் போட்டார். திரையில் ஒரு எண் கூடப் பச்சையில்லை. அத்தனையும் சிவப்பு.

கோட்டைச்சாமி அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பவுனு இறங்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் பச்சைக்கு வந்தது.

வெளியே வந்த கோட்டைச்சாமியின் முகத்தில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

"வாத்தியாரம்மா, இப்ப சரக்கை எறக்கிட்டு வெறும் வண்டியா அளந்தா சிவப்பு காட்டும்ல?"

"காட்டும்."

"எவனாவது பார்த்தா, கோட்டைச்சாமிக்கு வேலை தெரியலைம்பான்."

"சொல்லுவாங்க."

வேறு ஏதாவது சொல்வார் என்று கோட்டைச்சாமி காத்திருந்தார். மைமூன் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

சட்டைப்பையில் இருந்த நேற்றைய பேப்பரை எடுத்தார் கோட்டைச்சாமி. எல்லாம் பச்சையாக, அவ்வளவு அழகாக வந்த பேப்பர். அதில் கை கிரீஸைத் துடைத்துப் போட்டார்.

ஆனால் இன்னொரு சந்தேகம் அவரை விடவில்லை.

"பாதிக் கடையில எறக்கிட்டா கனம் குறைஞ்சிருமே. அப்ப?"

"கொஞ்சம் இழுக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

மைமூன் வாயைத் திறக்கும் முன்பே வண்டிக்குள்ளிருந்து பவுனு சொன்னாள்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

*

வியாழக்கிழமை காலை. மலை அடிவாரம். வண்டி சரக்கோடு நின்றது.

பவுனு ஏறி உட்கார்ந்தாள். கோட்டைச்சாமி சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறினார்.

"எங்க அண்ணே?" என்று கேட்டார் மைமூன்.

"கூடப் போறேன். மொத வளைவுல ஏதாவது ஆயிட்டா? அவ தனியா என்ன பண்ணுவா? வெட்டிப் போட்டவன் நான். நான் கூட இருக்கணும்ல?"

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த பயம் அது. பவுனு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நியாயம்தான்" என்றார் மைமூன். "எத்தனை கிலோ அண்ணே இருப்பீங்க?"

"எண்பத்திரெண்டு."

சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி, இடது பக்கத்து ஆறு மூட்டையையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது.

முதல் வளைவு அங்கிருந்தே தெரியும். பவுனு ஹாரன் அடித்தாள். வண்டி திரும்பியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் ரோட்டின் நடுவாகவே ஏறி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஹாரன் கேட்டது. அப்புறம் மூன்றாவது, இன்னும் மேலே இருந்து.

கோட்டைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ, ரிசார்ட்காரங்க இன்னேரம் கிளம்பியிருப்பாங்களே. யாராவது போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லணுமே."

மைமூன் தன் வண்டிச்சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"வேற பூந்தொட்டி பாத்துக்கங்கன்னு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க அண்ணே. நீங்க அடியில வேலையா இருந்தீங்க."