ஒளிந்திருந்த எட்டுக் கொள்ளையர்

எங்கள் கம்பெனி மேலாளர் குணசீலன் ஞாயிறுதோறும் தன் வீட்டில் ஒரு விளையாட்டு நடத்துவார். அவர் கதை சொல்வார்; நாங்கள் அதில் வரும் ஆட்களாகிப் பகடை உருட்டுவோம். விதிகளும் அவர் எழுதியவைதான்.

வரவேற்பில் உட்காரும் தெரசாவுக்குத் திருடி வேடம்; கோட்டைக்குள் புகுந்து ராஜாவின் கிரீடத்தைத் திருட வேண்டும். "தூணுக்குப் பின்னால ஒளியறேன் சார்" என்பாள்.

"ஒளியற இடத்தைச் சத்தமா சொன்னாத்தான் செல்லும். ஆனா நீ சொன்னது காவல்காரன் காதுல விழுந்துடுச்சே. பிடிச்சுட்டான்" என்பார் அவர்.

முதல் மூன்று வாரமும் இதே கதை. நான்காவது வாரம் நாங்கள் ஒரு மாந்தோப்புக்குள் நுழைந்தோம். "ஒளிஞ்சிருந்த எட்டுக் கொள்ளைக்காரங்க பாயறாங்க. எல்லாரும் காலி" என்றார்.

தெரசா மெதுவாகக் கேட்டாள். "அவங்க ஒளியற இடத்தைச் சத்தமா சொன்னாங்களா சார்?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லலேன்னா ஒளிஞ்சது செல்லாது, வரும்போதே பார்த்திருப்போம். சொல்லியிருந்தா எங்க காதுல விழுந்திருக்கும். எப்படியும் நாங்க வேற வழியாத்தானே போயிருப்போம்?"

குணசீலன் தன் விதி நோட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டு, "சரி, அவங்க பாய்ஞ்சது செல்லாது. இனிமே ஒளியற இடத்தைச் சீட்டுல எழுதி எங்கிட்ட மட்டும் கொடுங்க" என்றார்.

அன்றே தெரசா கோட்டைக்குள் புகுந்து ராஜாவின் கிரீடத்தை எடுத்து வந்துவிட்டாள். எங்கே ஒளிந்தாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.